பின்சுவர் அறை

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி, நூறாண்டு கடந்த ஒரு கல் கட்டடத்தில் நூலகம் இயங்குகிறது. அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர் வெண்ணிலா. கட்டடத்தின் பின்சுவரை ஒட்டிக் கணவர் எழுப்பிய ஒற்றை அறையில்தான், அவர் இறந்த பிறகும் மகள் சரண்யாவோடு குடியிருந்தார்.

மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் புத்தகங்கள் நனைவதை வெண்ணிலாவால் பொறுக்க முடியவில்லை. ஆறு வருடம் விடாமல் மனு போட்டார். போன வருடம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசு நிதி ஒதுக்கப்பட்டது. அளவெடுக்க வந்த பொறியாளர் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"பிற்பாடு சேர்த்துக் கட்டுனதையெல்லாம் இடிச்சாத்தான் நிதி வருமுங்க. இந்த அறை எப்பக் கட்டுனது?" என்று கேட்டவர், குரலைத் தாழ்த்தி, "ஆரம்பத்துல இருந்தே இருக்குதுன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன்" என்றார்.

சரண்யா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பொய் வெளிப்பட்டால் மொத்த நிதியும் நின்றுவிடுமே என்று வெண்ணிலா பயந்தார். "எங்க ஊட்டுக்காரர் கட்டுனதுங்க. இருபத்தோரு வருசமாச்சுங்க."

அடுத்த மாதமே அறையை இடித்துவிட்டார்கள். "ஊட்ட உட்டுக் குடுத்துட்டு அந்தப் புஸ்தகத்தையே கட்டிக்கிட்டு அழு" என்று அன்றைக்குச் சொன்ன சரண்யா, அதன்பின் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைச்சோலை கிராமத்தில் வெண்ணிலாவின் அண்ணன் வீட்டில் இருவரும் ஒண்டியிருக்கிறார்கள்.

நூலகக் கூரை இப்போது ஒழுகுவதில்லை. வெண்ணிலா தினமும் பஸ்ஸில் வந்து பெருக்குகிறார். செய்தது சரிதானா என்று அவருக்கே இன்னும் தெளியவில்லை. பின்பக்கம் பெருக்க மட்டும் வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.