முப்பத்தேழு போணி

இளவரசியின் மல்லாட்டைப் பொடிக்கு, அதாவது வேர்க்கடலைப் பொடிக்கு, திண்டிவனத்தில் ஆள் உண்டு, விழுப்புரத்தில் ஆள் உண்டு, கடல் தாண்டிப் பாரிஸிலும் ஆள் உண்டு. திண்டிவனத்துக்காரர்கள் வாசலுக்கே வந்து வாங்கிப் போவார்கள். விழுப்புரத்துக்காரர்கள் போனில் பணத்தைத் தட்டிவிட்டு, பார்சலை பஸ்ஸில் வாங்கிக்கொள்வார்கள். பாரிஸ்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து போய் அங்கேயே குடியேறிவிட்ட குடும்பங்கள் அவை. அவர்கள் கையில் இருப்பது கிரெடிட் கார்டு. இளவரசியின் வெப்சைட்டில் இருந்ததோ போனால் ஸ்கேன் பண்ணுகிற கட்டம் ஒன்றுதான்.

"அக்கா, கார்டு எடுக்க மாட்டீங்களா?" என்று வாரத்துக்கு நாலு மெசேஜ் வந்தது. ஒரு அம்மாள், மகளின் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூற்றியிருபது பாக்கெட் பொடியும் கேப்பை முறுக்கும் கேட்டுவிட்டு, பணம் கட்ட வழியில்லாமல் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டின் பின்கட்டில் வறுக்கிற மிஷின் ஒன்று, அரைக்கிற மிஷின் ஒன்று, இரண்டு பெண்கள் என்று நடக்கிற வியாபாரத்துக்கு அது மலை போன்ற ஆர்டர். விட மனம் வருமா?

கார்டில் வருகிற பணத்தை வாங்கி நம் பேங்க் கணக்கில் சேர்க்கிற கம்பெனிகள் ஊருக்கு ஒன்பது இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஏஜென்ட் விழுப்புரம் ஜெகதீசன். வண்டியை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுகிற மனிதர்.

"மேடம், எங்ககிட்டதான் கமிஷன் கம்மி. பேப்பரே வேணாம். ஆதார் குடுங்க, ஜல்தியா நாளைக்கே ஓடிடும்."

"வெளிநாட்டு கார்டு எடுக்குங்களா?"

"வரும் மேடம். அடுத்த மாசம் வருது."

இன்னொரு கம்பெனி வருஷத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்டது. மூன்றாவது கம்பெனியில் கமிஷன் அதிகம். அதோடு உணவு லைசென்ஸ், பான் கார்டு, பேங்க் செக் என்று ஏகப்பட்ட பேப்பர். பொருள் உடைந்து போய்ச் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று வெப்சைட்டில் எழுதச் சொன்னார்கள். 'வேறு அனுப்புவேன்' என்று எழுதினாள். அது போதாதாம். ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டுமாம்.

அவள் கணவன் ராஜ்குமார், புதுச்சேரி ரூட்டில் பஸ் ஓட்டுகிறவன். "கமிஷன் கம்மியா இருக்கறத புடிப்பியா, இத போட்டு பேஜாரு பண்ணிக்கினு இருக்கியே" என்றான். இளவரசி வேறு கணக்குப் போட்டாள். மூன்று கம்பெனிக்கும் போன் போட்டு, பணம் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளரைப் போலப் புலம்பினாள். முதல் கம்பெனியில் அரைமணி நேரம் பாட்டுப் போட்டார்கள். இரண்டாவதில் மிஷின் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. மூன்றாவதில்தான் ஒரு பெண் எடுத்தாள். பெயர் கலைப்பிரியா, சென்னை. பொறுமையாகக் கேட்டாள், நடுவில் ஒரு தடவைகூட "லைன்ல இருங்க" என்று சொல்லவில்லை. பாரிஸில் இருக்கிற அம்மாளுக்கு ஒரு சிக்கல் என்றால் மனுஷி எடுக்க வேண்டும் என்று சொல்லி, இளவரசி அதிகக் கமிஷன்காரனையே பிடித்தாள். அவள் எடுத்த முடிவில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. குறை, பேப்பரெல்லாம் கொடுத்துக் கணக்குத் திறந்ததற்கு அடுத்த நாள் செய்த காரியத்தில்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. புதுக்கடை திறந்தால் கைராசிக்காரர்களைக் கூப்பிட்டுப் போணி பண்ணச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். கார்டு வாங்குகிற வசதியும் புதுக்கடை மாதிரிதானே என்று நினைத்தாள். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் லிங்க்கைப் போட்டு, "காலையில நல்ல நேரத்துல எல்லாரும் கார்டு போட்டு போணி பண்ணுங்க, நூத்தியொண்ணு போதும்" என்று பேசி அனுப்பினாள். ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தேழு பேர் போட்டார்கள். ஒருவரும் ஒரு பொருளும் வாங்கவில்லை. இளவரசி கற்பூரம் ஏற்றினாள்.

பத்து மணிக்குக் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

போன் போட்டதும் கலைப்பிரியாதான் எடுத்தாள். "மேடம், திருட்டு கார்டு வச்சிருக்கறவங்க இப்படித்தான் சின்னச் சின்னத் தொகையா போட்டுப் பாப்பாங்க. பொருளே போகாம ஒரே தொகை முப்பத்தேழு தடவை வந்திருக்கு. சிஸ்டம் நிறுத்திடுச்சு."

"திருட்டு இல்லம்மா, போணி!"

"எனக்குப் புரியுது மேடம். எங்க அப்பாவும் கடை வச்சிருந்தவர்தான். சிஸ்டத்துக்குப் புரியாது. ஒவ்வொரு பணத்துக்கும் பொருள் போய்ச் சேர்ந்ததுக்குக் கையெழுத்தோட பில் அனுப்புங்க. முடியலன்னா அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிடுங்க. அடுத்த வியாழன் மதியம் வரைக்கும் டைம் வாங்கித் தர்றேன். அதுக்கு மேல போனா கணக்கை மூடிடுவாங்க."

போணிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா? உன் கை எனக்கு வேண்டாம், உன் உறவு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது போல அது. சேதி கேள்விப்பட்ட ஜெகதீசன், "பில்லுதான மேடம்? முப்பத்தேழையும் நானே அடிச்சுத் தர்றேன், கையெழுத்தும் நானே போட்டுடறேன்" என்றார். இளவரசிக்குக் கோபம் வந்தது. "என் பொடியில உமி கூட கலந்தது இல்லீங்க" என்று போனை வைத்தாள்.

மறுநாளே இரண்டு பை நிறையப் பாக்கெட் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நூறு ரூபாய்க்குப் பொடி, மேல் ஒரு ரூபாய்க்கு மல்லாட்டை உருண்டை. திருவாமாத்தூர் அத்தை, "போணிக்கு கையெழுத்து வாங்கற ஊரு எங்கனாச்சும் உண்டாடி?" என்று சிரித்துக்கொண்டே போட்டாள். கண்டமங்கலத்தில் ஒரு சித்தப்பா உருண்டையைத் தின்று முடித்து, இன்னொன்று கொடுத்தால்தான் கையெழுத்து என்று அடம்பிடித்தார். நாலு நாளில் முப்பத்தாறு கையெழுத்து சேர்ந்துவிட்டது.

முப்பத்தேழாவது ஆள் பாண்டுரங்கன். அவளுடைய அண்ணன்.

ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் அப்பா விட்டுப்போன கரும்புக் கழனியில் இளவரசி தன் பங்கைக் கேட்டு வாங்கி, விற்று, அந்தப் பணத்தில்தான் மிஷின் போட்டாள். கழனியைத் துண்டு போட்டுவிட்டாளே என்று அண்ணனுக்கு ஆத்திரம். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, அண்ணன்னு ஒருத்தன் செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். குரூப்பில் பேர் இருக்கும், ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை ஆறு பத்துக்கு, மற்ற எல்லோருக்கும் முன்னால், கார்டு போட்டிருந்தார். முதல் போணியே அவருடையது. லிஸ்ட்டில் அந்தப் பேரைப் பார்த்ததும் இளவரசி வறுத்துக்கொண்டிருந்ததை அப்படியே கருகவிட்டாள்.

அவர் படியை மிதிக்க அவளுக்குப் பயம். தனக்காகப் பயம் இல்லை, அண்ணன் விட்ட வார்த்தை பலித்துவிடுமோ என்ற பயம். திங்கட்கிழமை கூரியரில் அனுப்பினாள். புதன்கிழமை சாயங்காலம் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று பதில் வந்தது.

வியாழன் காலையில் ராஜ்குமார் டியூட்டிக்குக் கிளம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "கணக்கை மூடட்டும்னு உட்டுடு. வேற கம்பெனி பாத்துக்கலாம்."

"அந்தப் பாரிஸ் அம்மாவுக்கு இன்னா பதில் சொல்றதுங்க? பின்கட்டுல ரெண்டு பொம்பளைங்க என்னை நம்பிக்கினு இருக்குதுங்க."

எட்டரை மணிக்கு, திருப்பி அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தினாள். நூற்றியொரு ரூபாய். நிலத்தின் பங்கை வாங்கினபோதுகூட அவள் அழுததில்லை. அண்ணனாக நீட்டின கையைத் தானே தட்டிவிட்டோம் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பத்தரைக்குக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். பதினொன்றுக்குப் பாரிஸ் அம்மாளின் கார்டிலிருந்து, தடங்கல் இல்லாமல், முழு ஆர்டருக்கும் பணம் வந்து சேர்ந்தது. பின்கட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். இளவரசியும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு ஒட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. ஒன்பது வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பர்.

"ஏண்டி, போணிய திருப்பி அனுப்பறவ உலகத்துல உண்டா?" அதே குரல், அதே அதட்டல்.

"அண்ணா... நீதான பார்சல வேணாம்னுட்ட?"

"பின்ன? நான் ஆசையா போட்டத நீ வெலக்கணக்கு பாத்து பொட்டலம் கட்டி அனுப்புவ, நான் வாங்கிக்கணுமா? நான் இன்னா உனக்கு கஸ்டமரா?"

கம்பெனி, சிஸ்டம், கையெழுத்து என்று ஏதேதோ உளறினாள். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். பணத்த கையில வச்சிருக்கேன். கைல குடுத்தா எந்தக் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புவான்னு பாக்கறேன்."

"நான் எப்படிண்ணா அங்க வர்றது? நீ சொன்ன வார்த்த..."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று அடித்து ஓய்ந்தது.

"என் வாசப்படிய நீ மிதிக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்" என்றார் பாண்டுரங்கன். "உன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்னு எப்பனா சொன்னேனா? பஸ் விழுப்புரம் தாண்டி வந்துக்கினு இருக்கு. உலையில ரெண்டு புடி அரிசி சேத்து வையி."