தட்டிப் பார்த்து வாங்கிய ஸ்பார்க் ப்ளக்

போன வருடம் ஆனி மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு விருத்தாசலத்தில் நடந்தது இது. தேதியும் என் நோட்டில் இருக்கிறது. அதை இங்கே எழுதக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. "அன்னிக்கி நான் பட்ட அவமானத்துக்கு ஆண்டுவிழா வேற கொண்டாடப் போறீங்களா?" என்கிறாள்.

அவள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் நர்ஸ். தினமும் என் பழைய ஸ்கூட்டரில் நான்தான் கொண்டுபோய் விடுவேன். அந்தப் புதனுக்கு அடுத்த திங்கள் முதல் எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். அவள் நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதற்குள் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். மூன்று வாரம் எட்டு போட்டுப் பழகினாள்; கடைசி வாரத்தில் ஒருமுறைகூடக் கால் ஊன்றவில்லை. அதுவும் நோட்டில் இருக்கிறது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு நோட்டைப் புரட்டினால், ஸ்பார்க் ப்ளக் மாற்றும் கெடு தாண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தேன். நுனிக் கம்பி தேய்ந்து மழுங்கியிருந்தது. அதைவிட என்னை உறுத்தியது, நுனியிலிருந்த வெள்ளைப் பீங்கான் டீ நிறமாகியிருந்ததுதான். பீங்கான் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேலாகத் தரம் பார்ப்பவன் நான். ஃப்யூஸ் கட்டையில் கடுகளவு பழுப்பு தெரிந்தாலும் கழிவுக் கூடைதான்.

அதே கண்ணோடு உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

"என்ன நம்பரு சார்?" என்றார் கடைக்காரர்.

"நம்பர் இருக்கட்டும். நாலஞ்சு எடுத்து வைங்க."

ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து நகத்தால் தட்டினேன். விரிசல் இல்லாத பீங்கான் கணீரென்று ஒலிக்கும்.

"சார், இது ப்ளக்கு. தேங்கா கடை அடுத்த தெருவுல இருக்குது."

நான் சிரிக்கவில்லை. இருந்ததிலேயே வெண்மையான, கணீரென்று ஒலித்த ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். மரையும் கச்சிதமாகப் பொருந்தியது. அன்று மாலையே வண்டி லேசாக இருமியது. "புதுசு, பழகணும்" என்று மனைவிக்கு விளக்கம் சொன்னேன்.

புதன்கிழமை, லைசென்ஸ் தேர்வில் அவள் எட்டின் முதல் வளைவை அழகாக முடித்தாள். இரண்டாவது வளைவில் வண்டி இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது. கால் தரையைத் தொட்டது.

"அடுத்து வாங்க" என்றார் ஆய்வாளர்.

"சார், வண்டிதான் நின்னுச்சு. நான் நிக்கல" என்றாள் இவள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கடைசி ஆளு முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்கம்மா" என்றார்.

வரிசையில் இன்னும் ஆறு பேர். நான் உதைத்த உதையில் சட்டை நனைந்தது. மகளைத் தேர்வுக்கு அழைத்துவந்திருந்த மங்கலம்பேட்டை பாய் ஒருவர் அருகில் வந்தார். வளைகுடாவில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவராம். ப்ளக்கைக் கழற்றியதும் நுனியில் மை அப்பியதுபோல் கரி.

"இத யாருங்க போட்டது?"

"நான்தான். நல்ல பீங்கான்."

"பீங்கான் நல்லாத்தான் இருக்குது. இதுல சோறா திங்கப் போறீங்க? வேகமா ஓடுற பெரிய வண்டிக்கி செஞ்சதுங்க இது, சூட்ட சீக்கிரம் வெளிய தள்ளிடும். எட்டு போடுற வேகத்துக்கு சூடே ஏறாது, கரி எரியாம அப்பிக்கும். பழச எங்க வெச்சிருக்கீங்க?"

மனைவி ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். மேலே என் கையெழுத்தில் இருந்ததை பாய் உரக்கப் படித்தார்: "கழிவு. காரணம்: பழுப்புக் கறை." கீழே தேதியும் கையெழுத்தும்.

வரிசையில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"சார், இந்த டீ கலரு வந்தாதான் ப்ளக்கு வண்டிக்கி ஒத்துப்போச்சுன்னு அர்த்தம். கம்பி தேஞ்சி இடைவெளி அகண்டு போச்சு, அவ்ளோதான்." அதைத் துடைத்து, கம்பியைக் கல்லில் மெல்லத் தட்டி இடைவெளியைக் குறைத்து மாட்டினார். "இன்னிக்கி தாங்கும். நாளைக்கி இதே நம்பருல புதுசு வாங்குங்க. தட்டாதீங்க."

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. இவள் எட்டைக் கால் ஊன்றாமல் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நோட்டில் எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அவளே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். என் நோட்டில் இப்போது 'ப்ளக் நம்பர்' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் பொட்டலக் காகிதத்தை அவள் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். தோசை கொஞ்சம் சிவந்துவிட்டது என்று நான் வாயெடுத்தால், கரண்டியால் அதைக் காட்டுகிறாள். தட்டைக் காலி செய்கிறேன். கறை என்று நான் முத்திரை குத்தியது ஒழுங்காக உழைத்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை, என் தொழிலே தெரியாத ஒருவர் இரண்டு நிமிடத்தில் எனக்குப் புரியவைத்துவிட்டார்.