சங்ககிரி லாரிகளில் வழி தேடிய பெட்டிகள்

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நான் ஆராய்ச்சி செய்துவந்த ஐந்தாவது வருடம் அது. செல்போன் டவரின் உதவியில்லாமல், ஓடும் வண்டிகள் ஒன்றின் மூலம் மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப வழி கண்டுபிடிப்பதுதான் என் தலைப்பு. சங்ககிரியில் ஆறு லாரிகளில் சின்ன ரேடியோ பெட்டிகளைக் கட்டி அனுப்பினேன். இரண்டு முறை தோற்றேன். ஒவ்வொரு பெட்டியும் செய்தியை அனுப்ப அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாவற்றிடமும் வழி கேட்டுக்கொண்டே இருந்ததில் பேட்டரி தீர்ந்துபோனது.

மூன்றாம் முறை, கடைசியாக வழி சொன்ன பெட்டியிடம் மட்டும் முதலில் கேட்கும்படி மாற்றினேன். அது பதில் தராவிட்டால்தான் மற்றவற்றிடம் போகும். மதியம், கடைசி லாரியின் டிரைவர் போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க பொட்டியில பச்ச லைட்டு எரியுதுங்க."

"நெசமாவாங்க?"

"ஆமாங்க, நல்லா எரியுதுங்க."

பச்சை விளக்கு எரிந்தால் செய்தி கடைசிப் பெட்டி வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் லாரி ஷெட்டின் சிமெண்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நல்லதும்மா. இன்னும் இருபது தடவை செஞ்சு பாரு" என்றார்.

"சரிங்க சார்" என்று போனை வைத்தேன். பிறகு டிரைவரை அழைத்து, அடுத்த நடை எப்போது என்று கேட்டேன்.