மதர்போர்டுக்குச் சுழி பார்த்த மாமனார்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறவனுக்கு ஒரு ராசி உண்டு: பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார், நமக்கு அன்றைக்குத்தான் ஏழரை ஆரம்பிக்கும். கோவை காந்திபுரத்தில் மாடிக்கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, படித்துவிட்டு உங்கள் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கூடுதலாக ஒரு தனிக் கஷ்டம், மாமனார். காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கிறார். எங்களுடையது காதல் கல்யாணம். பாவம், அவர் சண்டையெல்லாம் போடவில்லை. ஆனால் 'மாப்பிள்ளை' என்ற சொல் மட்டும் என்னைப் பார்த்தால் அவர் வாயில் வராது. பஸ் கண்டக்டரும் அவருக்குத் தம்பி, நானும் தம்பி. ஒரு கல்யாணப் பந்தியில் மற்ற மருமகன்களை எல்லாம் "வாங்க மாப்ள, உக்காருங்க" என்று உபசரித்துவிட்டு, என்னிடம் "தம்பி, அந்த எலக்கட்ட இப்படி எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

வாசல் எந்தப் பக்கம்?

சூலூரில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர், கேம் விளையாடும் மகளோடு கடைக்கு வந்தார். "மொதல்ல பிராசசர முடிவு பண்ணுங்க, அது உக்கார்ற மாதிரி சாக்கெட் இருக்கற மதர்போர்டா எடுக்கோணும். அப்பறம் ராம் போட எடம், கார்டு போட எடம், பின்னாடி என்னென்ன போர்ட் இருக்குதுன்னு பாக்கோணும்" என்று தொண்டை வறள விளக்கினேன். மகள் தலையாட்டினாள். அவர் போர்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயர் சொருகற பக்கம் எந்தத் திசைய பாக்குமுங்க?" என்றார். டேபிளைச் சுவரோரம் போட்டால் சுவரைத்தான் பார்க்கும் என்றேன். மனுசன் ஆடிப்போய்விட்டார். "வாசல் சுவத்தப் பாத்து இருந்தா ஊட்டுக்குள்ள லட்சுமி எப்படிங்க வருவா?"

காற்று வாங்கிய கார்டு

அடுத்த மாதமே அவரிடமிருந்து போன். கேம் நகரவே மாட்டேன் என்கிறதாம். சூலூருக்குப் போனேன். லட்சுமி வருவதற்காக டேபிளைக் கிழக்கே திருப்பிப் போட்டு, கழற்றிய வயர்களை அவரே மாட்டியிருந்தார். கேபினட்டுக்குப் பின்னால் மானிட்டர் வயர் சொருக இரண்டு இடம் இருக்கும். மேலே மதர்போர்டில் ஒன்று, கீழே படுத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டில் சில. கேம் ஆடுகிறவர்கள் கீழேதான் சொருக வேண்டும். இவர் மேலே சொருகியிருந்தார்.

"அப்ப இத்தன நாளா அந்தக் கார்டு என்னதாங்க பண்ணிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். சும்மா காற்று வாங்கிக்கொண்டிருந்தது என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் மதர்போர்டின் வீடியோ போர்ட்டைக் கறுப்பு டேப் போட்டு ஒட்டிவிடுவது என்று சபதம் எடுத்தேன். அவர் மட்டும் தாங்காமல் புலம்பினார்: "தறிக்கு ஆள் வெச்சுப்போட்டு, அவன உக்கார வெச்சு நானே ஓட்டியிருக்கறேன் பாருங்க!"

துண்டுக்கடியில் பேரம்

ஒருநாள் மாமனாரே கடைப் படியேறி வந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொப்பரை லோடு லாரியைத் தானே ஓட்டிப் பழகியவர். இடுப்பு வலிக்குப் பிறகு டாக்டர் லாரி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற கேம் இருக்கிறதாம், ஸ்டியரிங் வைத்து வீட்டிலேயே ஓட்டலாமாம், அதற்கு ஒரு பெட்டி வேண்டுமாம். இதை மட்டும் ஒழுங்காகச் செய்து கொடுத்தால் நான் மாப்பிள்ளை! மனதுக்குள் பட்டாசு வெடித்தது.

நாலைந்து மதர்போர்டுகளை எடுத்து வைத்தேன். சந்தையில் காளை பார்ப்பதுபோல் பார்த்தார். தூக்கி எடை பார்த்தார், முதுகைத் தடவினார், ஸ்குரூ துளைகளை விரலால் தொட்டுச் சுழி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நான் சாக்கெட் பற்றிச் சொன்னது எதுவும் ஏறவில்லை. நல்லவேளை, இருப்பதிலேயே கனமாக அவர் பிடித்துக்கொண்ட போர்டு நல்ல போர்டுதான். பிறகு தோள் துண்டை என் கைமேல் போட்டு, அடியில் என் விரல்களைப் பிடித்து அமுக்கினார். மாட்டுக்கு விலை பேசுகிற முறை! எந்த விரலுக்கு என்ன விலை என்று எனக்கு எங்கே தெரியும்? மாமனார் ஆசையாகக் கையைப் பிடிக்கிறார் என்று நானும் பாசமாகத் திருப்பி அமுக்கிவிட்டேன். வியாபாரம் முடிந்துபோனது. முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "ஒத்துக்கிட்டீங்க, இனிப் பேச்சு மாறப்படாதுங்க தம்பி!"

ஆயுத பூஜை

பெட்டி காங்கேயம் போய், லாரி நன்றாகவே ஓடியது. 'தம்பி' மட்டும் மாறவில்லை. ஆயுத பூஜை அன்று போன்: "தம்பி, படம் வரலீங்க. ஒறம்பரை சனமெல்லாம் வந்து உக்காந்திருக்குது." மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

வீட்டு ஹால் முழுக்க சொந்தக்காரர்கள், மில் ஆட்கள். நடுவில் புது வேட்டியில் மாமனார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற மருமகன்கள் சுண்டலைக் கொறித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். கேபினட்டைத் திருப்பினேன். அட கொடுமையே! வயரைக் கழற்றி, கிராபிக்ஸ் கார்டின் ஒவ்வொரு போர்ட்டிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்து, மறுபடியும் வயரைச் சொருகியிருந்தார்கள். மாமியார் பெருமையாகச் சொன்னார்: "மில்லு மிசினுக்கெல்லாம் வெச்சமுங்க, இத மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்? அந்தக் கறுப்பு டேப் ஒட்டுன எடம் ஒண்ணுதான் பாக்கி."

லோடு வண்டி

கார்டைக் கழற்றி வைத்தேன். காய்ந்துபோன சந்தனத்தை ஊசியால் நோண்டி எடுக்க ஒரு நாள் ஆகும். ஊர் கூடி உட்கார்ந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் டேப்பை உரித்து, சொருகாதே சொருகாதே என்று ஊரெல்லாம் கத்துகிற அதே மதர்போர்டு போர்ட்டில் நானே வயரைச் சொருகினேன். பிராசசரிலேயே கொஞ்சம் கிராபிக்ஸ் இருந்ததால் படம் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மாமனார் லாரியைக் கிளப்பினார். அது முக்கியது, நின்றது, யோசித்தது, மறுபடி முக்கியது. தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "ஆ! லோடு வண்டின்னா இப்படித்தானுங்க போகும்! இத்தன நாளா பறந்துச்சு, எனக்கு அது லாரின்னே தோணல" என்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால், மாமனாரேதான்! சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "எம்பட மாப்ள ஜோடிச்சுக் குடுத்ததுங்க!" என்றார். மனைவி சுண்டல் தட்டைக் கீழே போட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அடுத்த வாரமே கார்டைத் துடைத்து எடுத்துப் போய் மாட்டி, மானிட்டரை முறைப்படி அதில் சொருகிவிட்டு வந்தேன். நான் கோவை வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது: "மாப்ள, வண்டி மறுபடியும் வெசையா பறக்குதுங்க. வந்து அந்த டேப் ஒட்டுன ஓட்டையிலயே சொருகிப்போடுங்க, இல்லீன்னா நான் பழையபடி தம்பின்னுதான் கூப்பிடோணும்!"

ஆக, நான் விற்றதிலேயே நல்ல கிராபிக்ஸ் கார்டு இன்றைக்குக் காங்கேயத்துப் பூஜை அலமாரியில் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, நான் மாப்பிள்ளையாக இருக்கிறேன், நீங்கள் மட்டும் தயவுசெய்து மானிட்டரைக் கார்டிலேயே சொருகுங்கள்.