கால்மிதி கேட்டு வந்தவர்

சாமான் விற்பதுதான் எங்கள் தொழில். திடுக்கிடுவது அதோடு தானாக வந்து சேர்ந்த வேலை. கடையில் நின்று கால் கடுத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியல் டவுன்டவுனில் மெட்ரோவுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் வேலைக்கு நின்றேன். முதலாளி பெமா, திபெத்துக்காரி. என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பாள். வட இந்திய மலைப்பக்கத்தில் திபெத்து அகதிகளின் குடியிருப்பு ஒன்று. அங்கே பன்னிரண்டு பெண்கள் நெய்து, தைத்து அனுப்புவதை நாங்கள் விற்போம். அந்த வருடம் பெரிய ஓர்டர் ஒன்று கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்க அவர்களின் தறிக்கூடத்தைப் பூட்டவேண்டும் என்று பெமா சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தோடுதான் வருகிறவர்களுக்கெல்லாம் ‘போன்ஜூர்’ சொன்னேன்.

கிண்ணம்

ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் இருக்கும் மன்னார் அக்கா ஒருநாள் கடைக்கு வந்தார். வெண்கலக் கிண்ணம் ஒன்றைத் தூக்கி, அடியைத் தட்டிப் பார்த்து, தயிர் உறைய வைக்கத் தோதானது என்றார். அது தியானத்துக்கு ஒலிக்க வைக்கிற கிண்ணம் என்று காட்டுவதற்காக, அதற்குரிய மரக்கட்டையால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தேன். கிண்ணம் மெல்ல முனகத் தொடங்கி, கடை முழுக்க ஒலித்தது. அக்கா சிலுவை அடையாளம் போட்டபடி கதவடிக்குப் போய்விட்டார்.

“பிள்ளை, சும்மா கிடந்த சட்டியை ஏன் அழப்பண்ணுறாய்? எனக்கு வேண்டாம், நான் போறன்!”

வெளுத்த கொடி

ஐந்து நிறத் துணிகளில் மந்திரம் அச்சடித்துக் கயிற்றில் கோத்த கொடிமாலையும் விற்றோம். புரோசார்ட் புறநகரில் இருந்து ஒரு மதாம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பல்கனியில் கட்டி ஆறே மாதத்தில் சாயம் போய்விட்டதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு, புதிது கொடுத்து அனுப்பிவிட்டு, பழையதைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

பெமா பார்த்துவிட்டாள். முகம் வெளிற ஓடிவந்து, கோப்பிச் சக்கைக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். அந்தக் கொடி நிலத்தில்கூடப் படக் கூடாதாம், பழசானால் மரியாதையாக எரிக்க வேண்டுமாம். பூசையில் ஆசீர்வதித்துத் தரும் எங்கள் குருத்தோலையும் அப்படித்தானே! பெமா சக்கையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

“காற்றில் சாயம் போனால்தான் பிரார்த்தனை போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். வேலை முடித்த கொடியை வாங்கிக்கொண்டு, வேலையே தொடங்காத கொடியைக் கொடுத்திருக்கிறாய்!”

நாற்பது கால்மிதி

கார்த்திகையில், புவாண்ட்-கிளேர் புறநகரில் வீட்டு அலங்காரக் கடை வைத்திருந்த ஒரு மனிதர் வந்தார். சுவரில் நாங்கள் மாட்டியிருந்த, திபெத்து எழுத்து நெய்த சின்னக் கம்பளத்தைக் காட்டி, அதே அழகான எழுத்தோடு நாற்பது வேண்டும் என்றார். நான் ஓர்டர் புத்தகத்தை எடுத்தேன். தறிக்கூடம் தப்பிவிட்டது! எதற்கு என்று பெமா கேட்டாள். வாசலில் போட, கால்மிதியாக என்றார் அவர்.

அது மந்திரம், மிதிக்க முடியாது, தாமரையோ புலியோ நெய்து தருகிறோம் என்றாள் பெமா. எழுத்துத்தான் வேண்டும் என்றார் அவர். முடியாது என்றுவிட்டாள். அவர் போனதும் நான் முதலாளி என்றும் பார்க்காமல் கத்தினேன். பன்னிரண்டு பேரின் வேலையைத் தட்டிவிட இவளுக்கு எப்படி மனம் வந்தது?

அவள் வெளிநாட்டுக்குக் கதைக்கிற தொலைபேசி அட்டையின் எண்ணைச் சுரண்டி, தறிக்கூடத்துக்கு அழைப்பு எடுத்து, நடந்ததைச் சொன்னாள். அங்கே ஒரே இரைச்சல். அழுகிறார்கள் என்று நினைத்தேன், சிரிக்கிறார்கள்! யாங்சோம் என்ற நெசவுக்காரி சொன்னதை பெமா எனக்கு மொழிபெயர்த்தாள்.

“எழுத்தோடேயே நெய்கிறோம். ஆனால் மேல் விளிம்புக்குள் மூங்கில் தடி வைத்துத் தைத்துத்தான் அனுப்புவோம். தடக்கி விழ ஆசையென்றால் மிதிக்கட்டும்!”

சுவர்

சுவரில் மாட்டுவதென்றால்தான் எழுத்து, தடியோடுதான் வரும் என்று பெமா அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, சரியென்று ஓம்பட்டார். பனி கரையும் நேரம் நாற்பதும் வந்து இறங்கின.

ஆனாலும் எனக்கு நம்பிக்கையில்லை. தடியை உருவ எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு லீவு நாளில் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போய், நிலத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒன்றையும் காணவில்லை. நிமிர்ந்தால், தலைக்கு மேலே விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகத் தொங்குகின்றன! கண் கலங்கிவிட்டது. விளிம்பில் தடி இருக்கிறதா என்று தடவப் போனேன். விற்கிற பெண் ஓடிவந்து பிரெஞ்சில் தடுத்தாள்.

“தொடாதீங்கோ மதாம், அது பிரார்த்தனை. இதெல்லாம் உங்களுக்கு விளங்காது!”

பன்னிரண்டு பேருக்கும் குளிர்காலம் முழுக்க வேலை இருந்தது. எனக்குத்தான், நான் விற்ற சாமானைத் தொட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டியதாயிற்று.