பயற்று வயலில் நின்றவன்

தாவீது அரசனிடம் இருந்த வீரர்களின் பட்டியல் ஒன்று விவிலியத்தில் இருக்கிறது. அதில் சம்மா என்று ஒருவன். அவனுக்குக் கிடைத்த இடம் இரண்டே இரண்டு வசனம். பெலிஸ்தியர் திரண்டு வந்தபோது, பயறு விளைந்திருந்த ஒரு வயலை விட்டுச் சனமெல்லாம் ஓடிவிட்டது. இவன் மட்டும் வயலின் நடுவில் நின்று அதைக் காப்பாற்றினான். ஆண்டவர் அன்று பெரிய வெற்றி கொடுத்தார் என்று சொல்லிவிட்டு, விவிலியம் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது.

எங்கள் அன்பியத்தில் இந்தப் பகுதியை விளக்கியவள் நான்தான். அன்பியம் என்றால், பத்துப் பதினைந்து குடும்பங்கள் மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபம் சொல்லி, விவிலியம் வாசித்து, தேத்தண்ணி குடித்துக் கலைவது. முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் என்பதால் விளக்கம் சொல்கிற வேலை என் தலையில் விழும். உண்மையைச் சொன்னால் அது விழுவதில்லை, நானே இழுத்துப் போட்டுக்கொள்வேன். அன்று நன்றாகவே பேசினேன். “கோலியாத்தை விழுத்த எல்லாருக்கும் ஆசை. ஒரு துண்டு பயற்றுக் காணிக்காக ஆர் நிப்பீங்கள்?” என்று கேட்டுவிட்டு, வகுப்பில் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

என் தம்பிதான் சிரித்தான். “அக்கா, பயற்றுக்குச் சண்டை பிடிச்சதையும் எழுதி வச்சிருக்கினமே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கலியாணம் கட்டவில்லை. அம்மா, அப்பா போய்விட்டார்கள். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அடுத்த வளவில் இருக்கிறான். அவன் கடலுக்குப் போய் வந்தால் என் வீட்டுக்கும் ஒரு சட்டி மீன்குழம்பு வரும். அவனுடைய மகள் இருட்டுப்பட முன்னர் தலையணையோடு வந்து என் துணைக்குப் படுப்பாள். அவள் வாய் ஓயாது. சில நேரம் எரிச்சலில் “வாயைப் பொத்தடி” என்று கத்தியிருக்கிறேன். அந்த வீட்டின் சத்தத்தில்தான் நான் உயிரோடு இருந்தேன் என்பது அப்போது விளங்கவில்லை.

கூட்டம் நடந்து இரண்டு கிழமை இருக்கும். ஊரின் அரசாங்க அலுவலரான விதானையார் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தார். என் காணிக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள காணி பற்றி விசாரணை. எல்லைக் காணிக்காரி என்ற முறையில் நான் சிலாவத்துறையில் உள்ள பிரதேச செயலகத்துக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் காணி உறுதிப் பத்திரங்களும் பெர்மிட்டுகளும் எரிந்ததும் தொலைந்ததும்தான் அதிகம். கடுதாசி இல்லாத இடத்தில், பக்கத்துக் காணிக்காரர் என்ன சொல்கிறார் என்றுதான் அரசாங்கக் கந்தோரில் முதலில் கேட்பார்கள்.

அந்தக் காணியில் இப்போது தென்னையும் கத்தரியும் வைத்திருப்பவன் என் தம்பி. அது அவனுடையது அல்ல என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் காணி. அந்த வீட்டின் மூத்த பிள்ளை என்னிடம் நாலாம் வகுப்புப் படித்தவள். முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று துவக்கு ஏந்திய இயக்கக்காரர் வந்து சொன்னபோது, அவர்கள் கையில் எடுத்ததோடு புறப்பட்டார்கள். பாத்திரம் பண்டம் எல்லாம் முற்றத்தில் கிடந்தது. நான் வீட்டுக்குள் சன்னலோரம் நின்று பார்த்தேன். வெளியில் வரவில்லை. ஒரு போத்தல் தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. பல வருடம் கழித்து எங்களையும் சண்டை கிளப்பித் துரத்தியது. போர் முடிந்து திரும்பி வந்தபோது எது யாருடைய காணி என்று தெரியாத அளவுக்குப் பற்றை மண்டியிருந்தது. தம்பி அந்தக் காணியைக் கத்தியும் கோடாலியுமாக ஐந்தாறு மாதம் வெட்டித் துப்புரவாக்கினான். அதில் அவனுக்கு நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்தவே கஷ்டப்பட்டான். பொய் சொல்லக் கூடாது, அவன் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவள் நான்.

கடிதம் வந்து ஒரு கிழமைக்குள் அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். பிள்ளை என்கிறேன், அவளுக்கு இப்போது நாற்பதுக்கு மேல். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, இப்போது சிலாவத்துறையில் உறவுக்காரரின் வீட்டு ஓரமாகத் தகரக் கொட்டில் போட்டிருக்கிறார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார் என்றாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

“ரீச்சர், அண்டைக்கு நீங்க சன்னல்ல நிண்டீங்க. நான் பாத்தனான்,” என்றாள்.

எனக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருடமும் என்னை யாரும் காணவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

“குறையாச் சொல்லேல்ல ரீச்சர். நாங்க அங்க இருந்ததையும் போனதையும் கண்ட ஆக்களில மிச்சம் நீங்கதான். அதுக்காகத்தான் வந்தனான்.”

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் தம்பி வந்தான். அவள் வந்து போனது அவனுக்குத் தெரிந்திருந்தது. கத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவன் படியில் குந்தியிருந்து மெதுவாகத்தான் கதைத்தான்.

“அக்கா, பொய் சொல்லச் சொல்லேல்ல. ஞாபகமில்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்கட வயசுக்கு ஆர் என்ன கேக்கப்போகினம்? பெட்டைக்குக் குடுக்கிறதுக்கு எனக்கு அந்தக் காணியை விட்டா வேற என்ன கிடக்கு?”

பெட்டை என்றது என்னோடு வந்து படுக்கிற அவனுடைய மகளை. அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காணிதான் சீதனம்.

அவன் போன பிறகு சம்மாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உனக்கென்ன, எதிரில் நின்றவர்கள் பெலிஸ்தியர். யாரென்றே தெரியாத ஆட்கள், வாளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். உன் தம்பியா எதிரில் வந்து நின்றான்? உனக்கு மீன்குழம்பு தந்தவனா? அன்பியத்தில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கேள்வி கேட்ட என்னை நினைக்க வெட்கமாக இருந்தது.

தப்பிக்கிற வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். மன்னாரில் கண்ணாஸ்பத்திரிக்குத் தவணை என்று சொல்லலாம். தம்பி சொன்னதுபோல ஞாபகமில்லை என்றும் சொல்லலாம், அதில் பாதி உண்மையும் உண்டு, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே எனக்கு ஞாபகம் இருப்பதில்லை. பங்குச் சுவாமியிடம், அதாவது எங்கள் கோயில் குருவானவரிடம், பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இளம் சுவாமி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரீச்சர், உங்களுக்கே தெரியும்தானே,” என்றார். தெரிந்தால் நான் ஏன் அந்த வெயிலுக்குள் அங்கே போகிறேன்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அவர் சொன்னது சரி.

விசாரணை நாள் காலை பஸ்ஸில் தம்பி முன்னால் இருந்தான், நான் பின்னால் இருந்தேன். கந்தோர் வாசலில் அந்தப் பிள்ளையும் அவளுடைய புருசனும் நின்றார்கள். உள்ளே அதிகாரி ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேர்த்து ஊற்றியது. என் பேரைக் கேட்டார், சொன்னேன். அந்தக் காணியில் முன்னர் யார் இருந்தது என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை, கூரையில் சுற்றுகிற காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் எனக்குள் விசுவாசம், வல்லமை என்று எதுவும் பொங்கி எழவில்லை. மாதாவே, நான் விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

“இந்தப் பிள்ளையின்ர வாப்பா இருந்தவர். பாலை மரத்தில இருந்து தெரு மட்டும் அவையின்ர காணி. அங்க ஒரு கிணறு இருந்தது, நானும் அதில தண்ணி அள்ளியிருக்கிறன். அவையள் போகேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அவ்வளவுதான். அதிகாரி எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார், அவர் தந்த பேனை எழுதவில்லை, வேறு ஒன்று தேடித் தந்தார். இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன் என்று இருந்தது. வெளியில் வந்தபோது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி எங்களைக் கடந்து நடந்து போனான்.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. பஸ் தரிப்பில் இருக்க ஒரே ஒரு நீள வாங்கு. அவன் ஒரு தொங்கலில், நான் மற்றத் தொங்கலில். நடுவில் இரண்டு பேர் இருக்கலாம். நான்தான் வாயைத் திறந்தேன். “தம்பி.”

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அண்டைக்கு அவைக்காக வெளியில வர உங்களுக்குப் பயமா இருந்தது. இண்டைக்கு எனக்கெதிராச் சொல்லப் பயமா இருக்கேல்ல, என்ன?”

பயமாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பையைத் திறந்து பஸ் காசை எண்ணினேன்.

இது நடந்து ஒன்பது மாதம். காணி விசயம் இன்னும் கந்தோரில்தான் இழுபடுகிறது, தீர்ப்பு ஒன்றும் வரவில்லை. பேசிய சம்பந்தம் குழம்பிப்போயிற்று. அதற்கு வேறு காரணமும் உண்டு என்கிறார்கள், ஆனால் பழி என் மேல்தான். மருமகள் இப்போது தலையணையோடு வருவதில்லை. தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள், அவளைப் பிழை சொல்ல மாட்டேன். என் வீட்டில் அன்பியம் வைக்கிற முறை வந்தபோது வந்தவர்கள் மூன்று பேர். சண்டை விளங்காத ஒரே ஆள் தம்பி வீட்டு நாய்தான், அது மட்டும் வேலிக்குள் நுழைந்து வந்து படுத்துவிட்டுப் போகும். வீட்டில் தனியாகச் செபமாலை சொல்லும்போது, ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கிற செபம் அது என்பதால், இரண்டு பாதியையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. தனிமை எனக்குப் பழக்கம் என்று முன்னர் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். அது தனிமையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

சம்மாவுக்கு அந்த வயலில் ஒரு நாள்தான். வெற்றிக்குப் பிறகு அவன் எப்படி இருந்தான், ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தார்களா, அன்றைக்கு அவனோடு இருந்து யார் சாப்பிட்டார்கள், இதையெல்லாம் விவிலியம் சொல்லவில்லை. எனக்கு இப்போது அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தம்பி எப்போதும் மூன்றாம் வரிசை, நடைபாதை ஓரம். நானும் இந்தப் பக்கம் அதே வரிசை, அதே ஓரம். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவதற்கு முன்னர் சுவாமி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லுவார். எல்லோரும் திரும்பிப் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துக் கைகூப்புவார்கள். தம்பி முன்னால் நிற்பவருக்குச் சொல்லுவான், பின்னால் நிற்பவருக்குச் சொல்லுவான், சுவரோரம் நிற்கிற கிழவருக்கும் எட்டிச் சொல்லுவான். என் பக்கம் மட்டும் திரும்ப மாட்டான்.

முதல் இரண்டு ஞாயிறும் வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்றாம் ஞாயிறு, இனி அடுத்த ஊர்க் கோயிலுக்குப் பூசைக்குப் போவோம் என்று சீலையும் உடுத்துத் தெருவுக்கு இறங்கிவிட்டேன். பாதித் தூரம் போனபோதுதான் விளங்கியது, நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று. திரும்பி வந்து என் இடத்திலேயே போய் நின்றேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் நான் அவன் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் நாலடி நடைபாதை. மற்றவர்கள் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நெஞ்சு இடிக்கிறது, ஒவ்வொரு முறையும் இடிக்கிறது. சென்ற ஞாயிறு எல்லோரும் கைகளை இறக்கி, பாட்டும் தொடங்கிவிட்டது. நான் அவனுடைய தோளைப் பார்த்து, “சமாதானம், தம்பி,” என்று அவனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவன் திரும்பவில்லை. நான் கையை இறக்கவில்லை.