பாரம் ஒரு பக்கம்

அவிசாவளை பஸ்ஸில் ஏறியதும் நிலுஷா உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்தபடி நின்று, இடப்பக்கம் எத்தனை பேர், வலப்பக்கம் எத்தனை பேர் என்று ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு கொண்டக்டரிடம், "ஐயே, பர எக பெத்தட்ட வெடி" என்பாள். பாரம் ஒரு பக்கம் கூடிப்போச்சாம். பயமென்றால் இறங்கி நடக்கச் சொல்லி அவனும் சிங்களத்தில் சிரிப்பான். இவள் இறங்க மாட்டாள். மூட்டை வைத்திருக்கும் யாரையாவது பார்த்து, "மாமா, அத மட்டும் இந்தப் பக்கம் தள்ளி வைங்களேன்" என்று கேட்டு, அவர் தள்ளி வைத்த பிறகுதான் அடங்குவாள்.

ருவான்வெல்லை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பிள்ளையால் வேறு தொல்லை. லீவில் வந்தால் என் தராசுப் படிக்கற்களை இரவல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ரப்பர் தோட்டத்து லயத்தில், தன் வீட்டுக் காம்பராவில் பெரிய தாளை விரித்து, வளைகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அதன்மேல் வைத்து, பட்டை நழுவாமல் படிகளைப் பாரம் ஏற்றி, படகின் விலாவைக் கோடாக இழுப்பாள். இங்கே சம்பளச் சனிக்கிழமை கடை நிறையச் சனம் நிற்கும், சீனி நிறுக்கப் படி இருக்காது. "ஒரு கிலோப் படி எங்கடி?" என்று கேட்டால், "படகு வயித்துல இருக்குங்க மொதலாளி, நாளைக்குக் கொண்டாந்துர்றேன்" என்பாள். அவளுடைய நாளை எது என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் உல்லாசப் பாய்ப்படகும் சிறு படகும் வடிவமைக்கப் படிக்கிறாள், கடைசி வருடம். சுனாமிக்குப் பிறகு நீர்கொழும்புப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் வரைபடம் கீறப் போனவளை, அங்கு வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று செலவை ஏற்று அனுப்பி வைத்தது. ரப்பர் பால் வெட்டும் அவளுடைய தாய் சீதாதேவி, "புள்ள கப்பல் படிக்கிது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். ரப்பர் தோட்டத்துக்கு ஏதடி கடல் என்று பஜாரில் கேலி செய்யாத ஆளில்லை. நானும் செய்திருக்கிறேன். "கடலு இல்லாட்டி என்னாங்க, ஆறு இருக்குல்ல" என்பாள் நிலுஷா.

ஆறு இருக்கிறது, அதுதான் வினை. கீழ் டிவிசன் லயங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பால் வெட்டும் மலை இந்தப் பக்கம். சனம் விடிகாலையில் மூங்கில் தெப்பத்தில்தான் வந்துபோகிறது. போன மழைக்குத் தெப்பத்தின் கயிறு அறுந்தது. சீதாதேவி ஒரு வேரைப் பிடித்துப் பிழைத்தாள். பக்கத்தில் நின்ற சின்னம்மா என்கிற பால்வெட்டுக்காரிக்கு வேர் அகப்படவில்லை. அதற்குப் பிறகும் அதே தெப்பம்தான், கயிறு மட்டும் புதிது.

கூடப் படிக்கிறவர்கள் கடைசி வருட வேலைக்கு வெள்ளை வெள்ளையாக உல்லாசப் படகு வரைய, இவள் இந்த ஆற்றைக் கடக்க ஒரு தட்டையடிப் படகு வரைந்தாள். தோட்டத்துத் தச்சர் புவாட், ஒட்டுப்பலகையில் அதைக் கட்டிக் கொடுத்தார். இனித் தோட்டத்தை நடத்தும் துரை ஏறிப் பார்த்துச் சரி என்றால் தெப்பத்தை விறகுக்கு வெட்டலாம். இல்லையென்றால் அடுத்த மழைக்கும் தெப்பம்தான்.

முதல் வெள்ளோட்டத்தை நான் பார்க்கவில்லை. புவாட் வந்து சொன்னார். ஆளேற்றும் வான் வண்டிகளில் இருப்பதுபோல இரண்டு ஓரமும் நீளப்பலகை. பெண்கள் பால் வாளிகளோடு இரு பக்கமும் நிரவி உட்கார்ந்தார்கள். படகு தரையில் வைத்த பெட்டி மாதிரி ஆடாமல் நின்றதாம். கடைசியில் துரை ஏறி வலப்பக்கம் உட்கார்ந்தார். உடனே சீதாதேவி எழுந்தாள். அவளைப் பார்த்து வலப்பக்கத்துச் சனம் முழுக்க எழுந்து, துரைக்கு இடம் விட்டு, இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. படகு சாய்ந்து தண்ணீர் மொண்டது. கரையோரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைய பால் முழுக்க ஆற்றில் வெள்ளையாகப் போனது. முழங்கால்வரை நனைந்த துரை, இன்னும் ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நிலுஷா கடைக்கு வந்தாள். "அழுக வரலிங்க மொதலாளி, கோவந்தான் வந்துச்சு. மொதல்ல எந்திரிச்சது எங்கம்மா."

இதற்கு அவளுடைய தாய் சொன்ன பதிலும் எனக்குத் தெரியும். "தொரையோட சரிசமமா ஒரே பலகையில எப்புடிடி ஒக்கார்றது? சீமைக்குப் போய் ஒனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

நடந்ததைத் தன் பேராசிரியருக்கு எழுதினாளாம். எல்லோரும் விலகி ஓட அந்த மனிதருக்கு ஏதாவது தொற்றுநோயா என்று கேட்டு அவர் பதில் போட்டிருக்கிறார். நான் கல்லாவில் விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஆளுங்க எங்க ஒக்காருவாங்கன்னு கணக்குப் போட்டேன். யாரு பக்கத்துல ஒக்கார மாட்டாங்கன்னு போடல. நானும் அந்த லயத்துலதானே பொறந்தேன்?"

துரைக்கு நடுவில் ஒரு கதிரை போட்டால் முடிந்தது என்று கங்காணி யோசனை சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அவரு வராத நாள்ல அந்தக் கதிரை சும்மாதாங்க போகும். பொம்பளைங்க ஓரத்துல நிப்பாங்க, அதுல ஒக்கார மாட்டாங்க." சொல்லிவிட்டு என் ஒரு கிலோப் படியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது வெள்ளோட்டத்துக்கு நானே போனேன். படியை வாங்கத்தான் போனேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஓரப்பலகைகளைக் காணோம். குறுக்குப் பலகைகள், ஒவ்வொன்றிலும் மூவருக்கு இடம், இடத்துக்கு இடம் சிறு தடுப்பு. நகர்ந்து ஒட்டிக்கொள்ள வழியில்லை. ஆனால் எழுந்து நிற்பதை எந்தத் தடுப்பு நிறுத்தும்? சாய்வு பார்க்க ஒரு நூல் தொங்கியது. நூலின் நுனியில் என் படி.

பெண்கள் வாளிகளை மடியோடு அணைத்து உட்கார்ந்தார்கள். நடுப்பலகையில் சீதாதேவி, பக்கத்தில் ஓர் இடம் காலி. அவளுக்கு நேர் பின்னால் நிலுஷா, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு. அந்தச் சட்டையைக் கரையிலேயே போட்டுக்கொள்கிற ஆள் அவள். படி போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளை தோற்கக் கூடாது என்றிருந்தது எனக்கு.

துரை வந்தார், காலி இடத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று பொதுவாகச் சொல்லவும் செய்தார். போன தடவையும் அப்படித்தான் சொன்னாராம். படகிலிருந்த அத்தனை பெண்களும் சீதாதேவியைப் பார்த்தார்கள். அவள் கை பலகையில் ஊன்றியது. முழங்கால் நிமிரத் தொடங்கியது. பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். முந்தானை பின்னால் இழுபட்டிருந்தது.

"விடுடி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நிலுஷா படியைப் பார்க்கவில்லை, துரையையும் பார்க்கவில்லை. தாயின் முந்தானையைத் தன் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். சீதாதேவி மெதுவாக உட்காரும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கரையில் கழியோடு நின்ற ஆளிடம் சொன்னாள்:

"தள்ளுங்க."